சந்தியாகுவும் ஜேம்ஸும் ஒரே பெயரா?

கேள்வி, ஜூலை 3

பண்டாரவளைப் பக்கம் இருக்கிறோம். மகன் பிறந்து பன்னிரண்டு நாள். வீட்டுக்காரர் தன் தாத்தாவின் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். தாத்தா பெயர் சந்தியாகு. பள்ளிக்கூடத்தில் பிள்ளையைக் கிண்டல் பண்ணுவார்களே என்றேன். உடனே மாமி, "அப்படியென்றால் ஜேம்ஸ் என்று வை, இரண்டும் ஒன்றுதான்" என்கிறார். சந்தியாகு எங்கே, ஜேம்ஸ் எங்கே? ஓர் எழுத்துகூட ஒட்டவில்லை. இதற்கு நடுவில் நாத்தனார், ஜேம்ஸ் என்றால் ஏமாற்றுக்காரன் என்று அர்த்தமாம் எனப் போனில் படித்துக் காட்டுகிறாள். யாருக்காவது சரியாகத் தெரியுமா?

ஜூலை 3, இரவு 9.40

மாமி சொன்னது சரி. சந்தியாகு, ஜேம்ஸ், யாக்கோபு, யாகப்பன், ஜேக்கப், யாகூப் எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஒருத்தர் போர்த்துக்கேயர் கப்பலில் வந்தார், ஒருத்தர் வெள்ளைக்காரத் துரையோடு வந்தார், ஒருத்தர் அரபு வழியாக வந்தார், அவ்வளவுதான். இதை நான் வாய்ச்சொல்லாகச் சொல்லவில்லை, என்னிடம் கடிதமே இருக்கிறது. என் தாத்தா பெயரும் சந்தியாகு. கடை பூட்டுகிற நேரம், நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூலை 4, காலை

முதலில் நாத்தனார் விஷயத்தை முடித்துவிடுவோம்.

மூலப்பெயர் எபிரேயத்தில் ‘யாக்கோவ்’. அந்த மொழியில் குதிகாலுக்கு ‘ஆக்கேவ்’ என்று பெயர். ஈசாக்கின் மனைவி ரெபேக்காளுக்கு இரட்டைப் பிள்ளை. ஏசா முதலில் வருகிறான், தம்பி அண்ணனுடைய குதிகாலைப் பிடித்துக்கொண்டே பின்னால் வருகிறான். அதனால் யாக்கோபு. ஆதியாகமம் 25ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அப்புறம் தம்பி வளர்ந்து, மூத்த பிள்ளைக்குரிய பங்கையும் தகப்பனுடைய ஆசீர்வாதத்தையும் தட்டிக்கொண்டு போய்விடுகிறான். 27ஆம் அதிகாரத்தில் ஏசா வயிறெரிந்து, பெயருக்கேற்ற வேலையைத்தான் இரண்டு தடவை செய்துவிட்டான் என்கிறான். குதிகாலைப் பிடிப்பதும் காலை வாருவதும் பக்கத்துப் பக்கத்து வேலைதானே. எங்கள் பக்கப் பிரசங்கிமார் ‘யாக்கோபு என்றால் எத்தன்’ என்று அடித்துச் சொல்வது இதை வைத்துத்தான்.

சொத்துச் சண்டையில் அண்ணன் தம்பியைத் திட்டியதை எடுத்துப் பெயரின் அர்த்தம் என்று போடுவது என்ன நியாயம்? அப்படிப் பார்த்தால் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்தில் ஒருத்தருக்கும் நல்ல பெயர் மிஞ்சாது. குழாயடிச் சண்டையில் வந்து விழுந்த பெயர்களை எழுதினால் இந்தப் பக்கத்தையே மூடிவிடுவார்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இன்றைக்குச் சுமார் நாலாயிரம் வருடத்துக்கு முந்தைய மெசொப்பொத்தேமியக் களிமண் பலகைகளில் இதே வேரோடு, கடைசியில் இறைவனைக் குறிக்கும் ‘இல்’ என்ற வாலும் ஒட்டிய பெயர்கள் வருகின்றன. அதை வைத்துப் பல அறிஞர்கள் ‘இறைவன் காக்கட்டும்’ என்பதுதான் பழைய பொருள், வால் உதிர்ந்து யாக்கோபு மட்டும் மிஞ்சியது என்கிறார்கள். குதிகால் கதை, பெயருக்கு அப்புறம் வந்த விளக்கம் என்று ஆகிறது. எனக்கு இரண்டும் பிடிக்கும். நாத்தனாரிடம் இரண்டாவதை மட்டும் சொல்லுங்கள்.

ஜூலை 4, மத்தியானம், சோறு சாப்பிட்டபின்

யாக்கோபு எப்படி ஜேம்ஸ் ஆகும் என்று தங்கச்சி மறுபடி கேட்டிருக்கிறார். எழுத்தை வைத்துப் பார்த்தால் ஆகாது. வாயை வைத்துப் பாருங்கள்.

எபிரேய யாக்கோவ் கிரேக்கத்தில் ‘இயாக்கோபொஸ்’. லத்தீனில் ‘இயாக்கோபுஸ்’. பேச்சு லத்தீனில் அந்த ‘பு’ கொஞ்சம் கொஞ்சமாக ‘மு’ ஆகி ‘இயாக்கோமுஸ்’. இரண்டும் உதட்டை ஒட்டிப் பிறக்கும் எழுத்து. நாம் விழி என்று எழுதிவிட்டு முழி என்று சொல்வதில்லையா, விழுங்கு என்பது முழுங்கு ஆகவில்லையா? அதே கூத்துதான். இத்தாலிக்காரர் அதைப் பிடித்துக்கொண்டு ஜாக்கொமோ என்றார்கள். பழைய பிரெஞ்சில் நடு எழுத்துத் தேய்ந்து ‘ஜேம்ஸ்’ மாதிரி ஒன்று வந்தது, அது இங்கிலாந்துக்குப் போனது. முன்னால் இருந்த ‘யா’ எப்படி ‘ஜே’ ஆனது என்றால், யோசேப்பு ஜோசப் ஆன வழி, யோவான் ஜோன் ஆன வழி, யமுனா ஜமுனா ஆன வழி.

இங்கிலீசில் ஒரு விசேஷம். பழைய ஏற்பாட்டுக் கிழவனாரை ஜேக்கப் என்றும், இயேசுவோடு இருந்தவரை ஜேம்ஸ் என்றும் இரண்டாகப் பிரித்து எழுதிவிட்டார்கள். 1611இல் வந்த ஜேம்ஸ் அரசர் பைபிளிலும் அப்படித்தான். ஆனால் அந்த அரசருடைய பேரன் இன்னொரு ஜேம்ஸ், ஆட்சியை இழந்தபின் அவர் பக்கம் நின்றவர்களுக்கு ஜேக்கபைட் என்று பெயர். ஜேம்ஸ் கட்சிக்காரன் எப்படி ஜேக்கபைட் ஆவான்? பெயர் ஒன்று என்பதால்தான். தமிழ் வேதாகமம் இந்த வம்பே வேண்டாம் என்று எல்லாருக்கும் யாக்கோபு என்றே போட்டுவிட்டது. நமக்கு வசதி.

ஜூலை 4, பின்னேரம்

பேராதனையிலிருந்து ஒரு தம்பி: "அப்படியானால் ஜாக் ஃப்ரூட், ஜேக்கப்புடைய பழமா?"

இல்லை ராசா. அது மலையாளத்துச் சக்கை, போர்த்துக்கேயர் வாயில் ‘ஜாக்கா’ ஆகி இங்கிலீசுக்குப் போனது. ஆனால் மலையாளத்தில் சாக்கோ என்று ஒரு பெயர் இருக்கிறது, அவர் அசல் யாக்கோபு. சக்கை வேறு, சாக்கோ வேறு. இரண்டும் ஒரே வீட்டு முற்றத்தில் இருக்கலாம்.

ஜூலை 5

இனி சந்தியாகு. ஸ்பானியரும் போர்த்துக்கேயரும் ‘இயாக்கோ’ என்பதை ‘இயாகோ’ என்று மெதுவாக்கினார்கள். அதற்கு முன்னால் புனிதர் என்ற பொருளில் ‘சாந்த்’. சாந்த் இயாகோ, சேர்த்துச் சொன்னால் சாந்தியாகோ. சிலி நாட்டுத் தலைநகரின் பெயரும் இதுதான். ஸ்பெயினில் கொம்பொஸ்தெலா என்ற ஊரில் அவருடைய கல்லறை இருப்பதாக நம்பி ஆயிரம் வருடத்துக்கு மேலாகச் சனங்கள் நடந்து போகிறார்கள், நம் ஆட்கள் கதிர்காமத்துக்குப் போவது மாதிரி.

ஆக, சந்தியாகு என்று சொல்லும்போதே புனிதர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார். நாம் அது தெரியாமல் அப்பரையும் சேர்த்து, முன்னால் இன்னொரு புனிதரையும் போட்டு ‘புனித சந்தியாகப்பர்’ என்கிறோம். கேட்டுக்கதவு மாதிரி. யாழ்ப்பாணத்தில் ஒரு படி மேலே. 17ஆம் நூற்றாண்டில் அங்கே பாடிய அம்மானைக்குச் ‘சந்தியோகுமையோர் அம்மானை’ என்று பெயர். ‘மையோர்’ என்பது போர்த்துக்கேயத்தில் பெரியவர். இயேசுவின் பன்னிருவரில் இரண்டு யாக்கோபு உண்டு, அதனால் பெரிய யாக்கோபு. நம் வீடுகளில் பெரிய ராசு, சின்ன ராசு என்று பிரிப்பதில்லையா, அது.

குருநகர் கோயிலைப் புனித யாகப்பர் ஆலயம் என்பார்கள். இராமேஸ்வரத் தீவில் தங்கச்சிமடம் வேர்க்காட்டுக் கோயில் சந்தியாகப்பர் கோயில். சாமி ஒருவர்தான். திருநாள் ஜூலை 25. என் பூட்டன் இராமநாதபுரத்துப் பக்கமிருந்து மலைக்கு வந்தவர். முதல் பையனுக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்று இனி நான் சொல்லவேண்டியதில்லை.

வேதாகமத்தில் யாக்கோபு நிருபம் எழுதியவரும் இவர்தான்.

ஜூலை 5, இரவு

மேலே கடைசி வரி பிழை. அழிக்காமல் வைக்கிறேன், அவசரத்துக்குத் தண்டனை. சந்தியாகப்பர், செபதேயுவின் மகன், யோவானுக்கு அண்ணன், மீன்பிடித்தவர். ஏரோது அவரை வாளால் வெட்டிக் கொன்றது அப்போஸ்தலர் நடபடிகள் 12இல் இருக்கிறது. நிருபம் எழுதியவர் என்று சபை மரபு சொல்வது எருசலேம் சபைக்குத் தலைவராக இருந்த இன்னொரு யாக்கோபை. நுவரெலியாவிலிருந்து ஒரு சிஸ்டர் தனியாக எழுதித் திருத்தினார். பிரம்பு இல்லாத குறைதான்.

ஜூலை 6

மாத்தளைக்காரர் கேட்கிறார், தன் பெயர் தியாகு, போர்த்துக்கேயத்தில் தியாகோ என்று பெயர் இருக்கிறதே, தானும் இந்தக் குடும்பமா என்று.

உங்கள் தியாகு தியாகராஜனின் சுருக்கம். திருவாரூர்ச் சாமி. போர்த்துக்கேயத் தியாகோ, சாந்த்-இயாகோ என்று வெட்டவேண்டியதைச் சாந்-தியாகோ என்று தப்பாக வெட்டியதில் பிறந்தது. தற்செயலாக இரண்டு பேரும் ஒரே சட்டை போட்டு நிற்கிறீர்கள். சொந்தம் கிடையாது, பழகலாம்.

ஜூலை 8

இதற்குள் யாகூப் நானாவும் வந்துவிட்டார். அட்டன் பஜாரில் எனக்கு இரண்டு கடை தள்ளிப் புடவைக்கடை வைத்திருக்கிறார். ‘எங்களை ஒரு வரியில் விட்டுவிட்டாயே’ என்று நேரிலேயே சண்டை. பிளேன்டீ வாங்கிக்கொடுத்து எழுதச் சொன்னார், எழுதுகிறேன்.

குர்ஆனில் யஃகூப் நபி. அரபியிலும் குதிகாலுக்கு எபிரேயத்தோடு ஒட்டிய சொல்தான், அதே வேரில் பின்னால் வருவது, தொடர்ந்து வருவது என்ற பொருளும் இருக்கிறது. ஹூத் அத்தியாயத்தில் இப்ராஹீம் நபியின் மனைவிக்கு இஸ்ஹாக்கும், இஸ்ஹாக்குக்குப் பின் யஃகூபும் என்று நற்செய்தி சொல்லப்படுகிறது. நானா சொல்வது, "நாங்கள் காலைப் பிடித்தவன் கதைக்குப் போகமாட்டோம், பின்னால் வந்தவர் என்பதோடு சரி." நாத்தனார்கள் இல்லாத விளக்கம்.

அவருக்கு இந்தப் பெயரில் பிடித்தது வேறு இடம். மகன் யூசுஃபைத் தொலைத்துவிட்டு ‘அழகிய பொறுமை’ என்று சொல்லி இருந்த தகப்பன், அழுதழுது கண் வெளுத்துப் போன தகப்பன், கடைசியில் மகனுடைய சட்டையை முகத்தில் போட்டதும் பார்வை திரும்பிய தகப்பன். இதைச் சொல்லும்போது நானா கையில் துணி அளக்கிற முழக்கோல், பாதி மடித்த சட்டைத்துணி. வாடிக்கையாளர் காத்து நிற்கிறார், இவர் கதையை விடுவதாக இல்லை.

ஜூலை 9

ஜேம்ஸ் என்றதும் மலையகத்தில் ஞாபகம் வரவேண்டியவரை இன்னும் எழுதவில்லை. ஜேம்ஸ் டெய்லர், ஸ்கொட்லாந்துக்காரர். 1852இல் இலங்கைக்கு வந்து, 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டவர். 1892இல் வயிற்றுளைச்சலில் இறந்து கண்டி மகியாவையில் கிடக்கிறார். தோட்டத்துச் சனங்கள் அவரை ஜேம்ஸ் என்று கூப்பிட்டிருக்கவே மாட்டார்கள். சாமித்துரை என்றார்கள் என்று சொல்வார்கள். துரைக்கு நாம் வைத்த பெயர் அப்படி, நமக்குத் துரை ஆபீசில் வைத்த பெயர் எப்படி என்பது வேறு கதை. வருகிறேன்.

ஸ்கொட்லாந்து மலைக்காரர்களின் கேலிக் மொழியில் ஜேம்ஸ், ‘ஷேமஸ்’ என்றாகும். கூப்பிடும்போது மட்டும் முதலெழுத்து இளகி ‘ஹேமிஷ்’ என்று வரும். இங்கிலீசுக்காரர் காதில் விழுந்தது கூப்பிடுகிற பெயர்தானே, அதையே பெயர் என்று எழுதிக்கொண்டார்கள். ஹேமிஷ் என்ற பெயருக்கு உண்மையான அர்த்தம் ‘ஏ ஜேம்சே!’

இதைப் படித்த அன்றைக்குத்தான் எனக்கு நம்முடைய பெயர்கள் உறைத்தன. கருப்பையா, முத்தையா, ராமையா, சின்னையா. பெயர் முத்தையன், விளித்தால் முத்தையா. கூப்பிட்ட குரல் அப்படியே தோட்டத்து ஆட்களின் பெயர்ப் பதிவான செக்ரோலில் ஏறி உட்கார்ந்துவிட்டது. உலகமெல்லாம் மேட்ச் பார்த்தபோது பலகையில் எம். முரளிதரன் என்று ஓடியதே, அந்த எம் முத்தையா, அவர் தகப்பனார் பெயர். எட்டாம் வேற்றுமை டெஸ்ட் கிரிக்கெட் ஆடி 800 விக்கெட் எடுத்திருக்கிறது.

ஜூலை 9, கொஞ்ச நேரம் கழித்து

‘எல்லா ஐயாவும் விளி இல்லை, மரியாதைக்காகவே ஐயா சேர்த்த பெயரும் உண்டு’ என்று ஓர் ஆசிரியர். சரி. பாதியை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் அந்த மரியாதை ஐயாவும் கூப்பிட்டு வந்ததுதான் சேர்.

ஜூலை 12

கடிதம் கடிதம் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். நேற்று மழை, கரண்டும் இல்லை, கடையில் கூட்டமும் இல்லை. பழைய பெட்டியைத் திறந்து எடுத்தேன். இது நீளும்.

தோட்டத்தில் பேர் என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று ஆளுடைய பெயர். இன்னொன்று ஒரு நாள் சம்பளம். வெளியூர்க்காரருக்கு இது தெரியாது. வேலைக்குப் போய்க் கொழுந்து நிறை சரியாக இருந்தால் ‘பேர் போட்டாச்சு’. நிறை குறைந்தால், பிந்திப் போனால், ‘அரைப்பேர்’. "இன்றைக்கு எனக்கு அரைப்பேர்தான் விழுந்தது" என்று என் பாட்டி மலையிலிருந்து வந்து கூடையை இறக்கிப் போடுகிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு, பின்னேரம் கணக்கப்பிள்ளை கையால் அதே பெயருக்கு நேரே கோடு விழுந்தால்தான் அந்த நாள் நடந்ததாகவே கணக்கு.

தாத்தா பிறந்தது 1920களில், டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில். செக்ரோலில் அவர் சந்தியாகு. அது ஒழுங்கு. 1953இல் என் அப்பா பிறந்தார். அப்பாவின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் இருக்கிற கட்டத்தில் ‘சந்தியா’ என்று இருக்கிறது. ஆமாம், சந்தியா. இன்றைக்கு அதைப் பார்த்தால் அப்பாவுக்கு இரண்டு அம்மா என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்பா பள்ளிக்கூடத்தில் பட்ட பாட்டைக் கேள்வி கேட்ட தங்கச்சி நினைத்துப் பார்க்கவேண்டும். கிண்டல் சந்தியாகுவால் வரவில்லை, ‘கு’ விட்டுப் போனதால் வந்தது.

இதெல்லாம் சும்மா எழுத்துப்பிழை என்று விடமுடியாத காலம் அது. 1948 குடியுரிமைச் சட்டம் கேட்டது என்ன? இங்கே பிறந்தால் போதாது, உன் தகப்பன் இங்கே பிறந்தவனா, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களா என்பதைத்தான். பழைய பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பூட்டன் பிறந்திருந்தால் அவர் பெயர் என்று கட்டம் இருக்கும். எங்கள் ஆட்களுடையதில் முக்கால்வாசிப் பேருக்கு அங்கே ஒரு கோடு. தாத்தா இங்கே பிறந்தவர், ஆனால் அவருடைய தகப்பன் இராமநாதபுரத்தார். அதனால் தாத்தா எந்த நாட்டுக்காரரும் இல்லை. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள், ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டார்கள். தாத்தாவின் தம்பி ‘இந்தியாவுக்கு’ என்று எழுதித் தலைமன்னாரில் கப்பலேறினார். தாத்தா ‘இலங்கைக்கு’ என்று எழுதினார். அந்த விண்ணப்பத்தில் அவர் பெயர் ‘சந்தியாகோ’. எழுதிக்கொடுத்த மாஸ்டர் கொஞ்சம் படித்தவர், அசல் போர்த்துக்கேயத்துக்கே போய்விட்டார்.

தாத்தா செத்தபோது நான் ஓ.லெவல் எழுதிவிட்டு இருந்தேன். மரணத்தைப் பதியப் போனவர் சித்தப்பா. கோயில் சாமியார் தாத்தாவை எப்போதும் ‘ஜேம்ஸ், ஜேம்ஸ்’ என்றுதான் கூப்பிடுவார். கிழவருக்கும் அதில் ஒரு பெருமை, துரை பெயர் அல்லவா. சித்தப்பா அந்தப் பெருமையையே பதிவாளரிடம் சொல்லிவிட்டார். மரணச் சான்றிதழில் ஜேம்ஸ்.

பாட்டி தாத்தாவுடைய ஈ.பி.எஃப்., அதாவது ஊழியர் சேமலாப நிதிக் காசுக்கு எழுதிப் போட்டார். ஒரு கந்தோரில், எந்தக் கந்தோர் என்று எழுதமாட்டேன், ஒரு பெரியவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னார். அவர் சொன்னது இதுதான்: "இதில் செத்தது ஜேம்ஸ். காசு கிடப்பது சந்தியாகு பெயரில். சந்தியாகு இன்னும் சாகவில்லையே, அவரை வரச்சொல்லுங்கள்."

பாட்டிக்குச் சிங்களம் விளங்கும். என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் வெற்றிலை வாங்கினார், தாத்தா போடுகிற புகையிலையையும் சேர்த்து.

மூன்று வருடம் இழுத்தது. சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி, கிராம சேவகர் கடிதம், தோட்டத்து ஆபீஸ் கடிதம், எல்லாம் போயிற்று. எல்லாவற்றிலும் பெயர் இன்னொரு மாதிரி. கடைசியில் உதவியது அதே சாமியார். கோயிலில் ஞானஸ்நானப் புத்தகம் லத்தீனில். புழுதியைத் தட்டி, தாத்தாவின் பக்கத்தைக் கண்டுபிடித்துக் காட்டினார். மை மங்கிப் பழுப்பாகி இருந்தது. ‘இயாக்கோபுஸ்’. சந்தியாகுவும் இல்லை, ஜேம்ஸும் இல்லை. சாமியார் சிரித்துக்கொண்டே ஒரு கடிதம் டைப் அடித்தார், இலத்தீன் இயாக்கோபுஸ் என்பதைப் போர்த்துக்கேய வழியில் சந்தியாகு என்றும் ஆங்கிலத்தில் ஜேம்ஸ் என்றும் சொல்வார்கள், மூன்றும் ஒரே பெயர், ஒரே ஆள் என்று. கோயில் முத்திரையும் குத்தினார். அந்தக் கடிதத்தின் கொப்பிதான் என் பெட்டியில். முத்திரை நீலம், பாதி அழிந்துவிட்டது.

காசு வந்தது. பெயர்களின் வரலாறு எனக்குத் தெரிந்தது படிப்பால் இல்லை, பாட்டியின் பாஸ்புத்தகத்தால். பிறகு நானே கடை வைத்துப் பெயர் திருத்தும் விண்ணப்பம் டைப் அடிக்க உட்கார்ந்ததும் அங்கே தொடங்கியதுதான்.

ஜூலை 12, இரவு

படுத்தபின் தோன்றியது. ‘சந்தியா’ என்று எழுதியவரை இத்தனை வருடமும் மனதுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன். ஆனால் தாத்தா எந்நேரமும் வாயில் வெற்றிலையோடு இருப்பவர். பெயர் கேட்டால் தலையைக் கொஞ்சம் மேலே தூக்கி, எச்சில் வழியாமல் ‘சந்தியா’ வரைக்கும்தான் சொல்லியிருப்பார். ‘கு’ வாசல் பக்கம் துப்புவதற்குள் போயிருக்கும். எழுதியவர் கேட்டதை எழுதினார். பாதிக் குற்றம் எங்கள் பக்கம்.

ஜூலை 14

சிங்களத்தில் எப்படி என்று கேட்டவருக்கு. எங்கள் தோட்டத்துக்குக் கீழே நாட்டுப்புறத்தில் ஜேமிஸ் சீயா, அதாவது ஜேமிஸ் தாத்தா, என்று ஒருவர் பலாக்கொட்டை விற்க வருவார். அது ஜேம்ஸ்தான். தாத்தாவும் அவரும் லயத்துத் திண்ணையில் சுருட்டு மாற்றிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஒரே பெயர்க்காரர் இரண்டு பேர் என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது.

ஜூலை 15

இல்லை, பேராதனைத் தம்பி, ஜாக்கெட் பற்றி எழுதமாட்டேன். சரி, ஒரு வரி. பிரெஞ்சில் ஜேம்ஸுக்கு ஜாக். பழைய காலத்தில் அங்கே குடியானவனுக்கே பொதுப்பெயர் அது, 1358இல் நடந்த குடியானவர் கலகத்துக்கும் அதை வைத்துத்தான் ‘ஜாக்கரி’ என்று பெயர். அந்த ஜாக் போட்ட குட்டைச் சட்டையிலிருந்து ஜாக்கெட் வந்தது என்று ஒரு கட்சி, அரபுச் சொல்லிலிருந்து என்று இன்னொரு கட்சி. தையற்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு அந்தக் குடியானவன் விஷயம்தான் பிடித்திருக்கிறது. இங்கே நம்மை எல்லாம் மொத்தமாக ராமசாமி என்று கூப்பிட்ட துரைமார் இருந்தார்களே, அது போல.

ஜூலை 21

தங்கச்சி எழுதியிருக்கிறார், வீட்டில் சமாதானமாம். ‘ஜேம்ஸ் சந்தியாகு’ என்று இரண்டையும் சேர்த்து வைக்கப் போகிறார்களாம். கணக்குப்படி யாக்கோபு புனித யாக்கோபு. அதனால் என்ன, குருசாமி என்று வைப்பதில்லையா. மாமிக்கும் வெற்றி, வீட்டுக்காரருக்கும் வெற்றி. நாத்தனார் இன்னும் கூகுள் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

கேட்டாலும் கேட்காவிட்டாலும் என் தொழில் புத்தி சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதத்துக்குள் பதிந்துவிடுங்கள், அதற்குமேல் போனால் காலங்கடந்த பதிவு என்று வேறு ஓட்டம். இங்கிலீசில் ‘தி’க்கு டி மட்டுமா, டி-யோடு எச்சுமா என்று இன்றைக்கே முடிவு செய்து ஒரு தாளில் எழுதிச் சாமிப்படத்துக்குப் பின்னால் வையுங்கள். தடுப்பூசி அட்டை, ஞானஸ்நானம், பள்ளிக்கூடம், எல்லாவற்றுக்கும் அந்தத் தாளைப் பார்த்தே எழுதுங்கள்.

ஜூலை 25

இன்றைக்குத் திருநாள். காலைப் பூசைக்குப் போய்வந்து கடை திறந்தேன். பதிந்தாயிற்று, பத்திரமும் கையில் வந்துவிட்டது என்று தங்கச்சி படம் அனுப்பியிருக்கிறார். பிள்ளையின் விபரத்தை மறைத்துவிட்டுப் பெயரை மட்டும் காட்டியிருக்கிறார், நல்ல பழக்கம்.

பெரிதாக்கிப் பார்த்தேன். ‘கு’ இருக்கிறது.